ஆற்றின் அடியிற் கிடந்த செய்தி

நிருபன் என்றால் அரசன்; நிருபம் என்றால் கடிதம். இன்றைய பத்திரிகை நிருபர் கடிதத்தின் வழிவந்தவரேயன்றி அரசனின் வழிவந்தவரல்லர் என்பதை அவருடைய சம்பளமே காட்டும். அச்சம்பளத்தை இதுவரை கொடுத்துவந்தவை விற்பனையும் விளம்பரமும். ஐக்கிய அமெரிக்காவில் விளம்பரங்கள் இணையத்தை நாடிச் சென்றபின் பத்திரிகைகள் மெலிந்தன. அந்த மெலிவினூடே முளைத்தவை இலாபம் கருதாத செய்தித் தாபனங்கள். இவற்றுக்குப் பங்குதாரர் இல்லை; அறநிதியங்களும் வாசகரும் உவந்தளிக்கும் நன்கொடையே இவற்றின் சீவனம். சுற்றாடலையே தன் பொருளாகக் கொண்டு 2007 இல் தோன்றிய ‘இன்சைட் கிளைமேற் நியூஸ்’ அவற்றுள் ஒன்று. அச்சுப் பத்திரிகையும் இல்லாது, ஆசிரியபீடத்துக்கென ஒரு கட்டடமும் இல்லாது, ஏழு பேரளவில் வைத்துக்கொண்டு அது செய்த ஒரு வேலையைப் பற்றியும், அத்தகைய வேலைக்குப் படியளப்பவர் யார் என்பது பற்றியுமே யான் இங்கு எழுதப் புகுந்தேன்.

2010 யூலை 25, ஞாயிற்றுக்கிழமை மாலை. மிச்சிகன் மாநிலத்து மார்ஷல் என்னும் சிற்றூரின் அருகே, என்பிறிட்ஜ் என்னும் கனடியக் கம்பனியின் எண்ணெய்க் குழாயொன்று நிலத்தடியில் வெடித்தது. அதனை இயக்குவோர் இருந்த இடமோ கனடாவின் எட்மன்ரன் நகரம். அபாயமணிகள் ஒலித்தன. குழாயினுள் இடைவெளி விழுந்ததாற் போலும் என்று எண்ணிய இயக்குநர், அதனை நிரப்புவதற்காக இருமுறை மீண்டும் எண்ணெயைச் செலுத்தினர். வெளியே ஓடியதில் நூற்றுக்கு 81 பங்கு இவ்விரு முறையும் செலுத்தியபோது ஓடியதே என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை பின்னர் கணக்கிட்டது. அன்றிரவே ஊரவர் நாற்றம் வீசுகிறதென்று தொலைபேசியில் முறையிட்டனர். தீயணைப்போர் வந்து தேடி ஒன்றுங் காணாது திரும்பினர். ஏறக்குறைய 17 மணித்தியாலம் கழிந்தபின், வேறொரு வாயுக் கம்பனியின் ஊழியர் எண்ணெயைக் கண்டு அறிவித்த பின்னரே குழாய்க்குரியவர் குழாயை அடைத்தனர். அதற்குள் அது சிற்றோடை வழியே கலமசூ ஆற்றிற் கலந்துவிட்டது. கம்பனியின் கணக்கு சுமார் 843,000 கலன். அரசின் மதிப்பீடு பத்து இலட்சத்துக்கும் மேல்.

இவ்வளவு பெரிய கேட்டை உலகம் ஏன் அறியவில்லை? அவ்வாண்டு ஏப்பிரில் 20 இல் மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்று மேடை வெடித்துப் பதினொருவர் மாண்டனர். பல வாரங்கள் கடலுக்கடியிற் பொங்கிய எண்ணெயை உலகமே படத்திற் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கிணறு மூடப்பட்டது யூலை 15 இல். மார்ஷற் குழாய் வெடித்தது அதன் பத்தாம் நாள். நிருபர் கூட்டம் களைத்துப்போயிருந்தது. வாசகரும் களைத்துப்போயிருந்தனர் என்றே சொல்லவேண்டும். பழியை நிருபர் தலையில் மாத்திரம் ஏற்றுவது முறையன்று.

இச்செய்தியின் உண்மையான பகுதி அதற்குப் பின்னரே இருந்தது. எண்ணெய் நீரில் மிதக்கும் என்பது பாலரும் அறிந்த உண்மை. எண்ணெய்ச் சிந்தலைத் துப்புரவாக்கும் கருவிகளும் முறைகளும் பெரும்பாலும் இவ்வுண்மையை நம்பியே அமைந்தவை. ஆனால் மார்ஷலிற் சிந்தியது நாம் அறிந்த மசகெண்ணெய் அன்று. கனடாவின் அல்பேட்டா மாகாணத்து மணலிலிருந்து பிரித்தெடுக்கும் பிற்றுமன் தாரையொத்துக் கட்டிபட்டது; குழாயில் ஓடாது. எனவே ஆவியாகத்தக்க இலேசான திரவங்களைக் கலந்து இளக்கி அனுப்புவர். இக்கலவை ஆற்றில் விழுந்தபோது இலேசானவை ஆவியாகி ஊரவரின் சுவாசத்திற் கலந்தன. கனமானவை நாளடைவில் அடியில் அமிழ்ந்து சேற்றோடு சேர்ந்தன. மேற்பரப்பை வழித்தெடுக்கும் கருவி அடித்தளத்தை என்செய்யும்? சிந்தியது இத்தகைய கலவை என்பதைத் தொடக்க நாட்களிற் கம்பனி வெளிப்படையாகச் சொல்லவுமில்லை. ஆற்றின் நெடுந்தூரம் ஏறக்குறைய ஈராண்டு மக்களுக்கு மூடப்பட்டுக் கிடந்தது. 2013 இலும் ஆற்றடியைத் தோண்டியெடுக்கும்படி அரசு கட்டளையிடவேண்டியிருந்தது. செலவு நூறு கோடி டொலரைத் தாண்டியது.

எலிசபெத் மக்கவன், லிசா சோங், டேவிட் ஹேஸ்மையர் என்னும் மூவர் பல மாதங்கள் இதனை ஆராய்ந்து 2012 யூனில் தொடராக வெளியிட்டனர். கவனிக்கத்தக்கது அவர்கள் செய்த வேலையின் தன்மை. மந்திரியின் பின்னே ஓடுவதன்று. அறிக்கைகளையும் பரிசோதனைப் பதிவுகளையும் சட்டவிதிகளையும் வரிவரியாக வாசிப்பது. வீடிழந்தவரிடம் மீண்டும் மீண்டும் சென்று கேட்பது. பழஞ்சுவடியொன்றைப் பதிப்பிப்பவன் பாடபேதம் பார்ப்பதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. அடுத்த மாதம் வெளிவந்த பாதுகாப்புச் சபையின் முடிவு, அக்குழாயின் பழுதுகள் 2005 ஆம் ஆண்டுச் சோதனையிலேயே தென்பட்டிருந்தன என்றது.

2013 சனவரியில் நியூயோர்க் ரைம்ஸ், ஒன்பது பேர் கொண்ட தன் சுற்றாடற் பிரிவைக் கலைத்தது. அவ்வாண்டு ஏப்பிரிலில், தேசியச் செய்திக்கான புலிற்சர் பரிசு இச்சிறு தாபனத்துக்குக் கிடைத்தது. ரைம்ஸ் 2017 இற் காலநிலைக்கெனப் புதிதாய் ஒரு பிரிவை அமைத்துக்கொண்டது வேறு கதை.

இனி, கொடுப்பவர் விடயம். 2015 இல் இத்தாபனம் எக்சன் எண்ணெய்க் கம்பனியின் பழைய ஆவணங்களை வெளியிட்டது. எண்ணெயும் நிலக்கரியும் எரிவதால் உலகம் வெப்பமுறுவதை 1977 இலேயே அக்கம்பனியின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் மேலாளருக்கு எடுத்துரைத்திருந்தார் என்பது அவற்றால் வெளிப்பட்டது. கம்பனி சீறியது: இவர்களுக்குப் பணங்கொடுப்பது றொக்பெல்லர் நிதியங்களல்லவா, இது பக்கச்சார்பன்றோ என்றது. நிதியங்கள் கொடுத்தது உண்மை. றொக்பெல்லர் செல்வம் பிறந்ததோ ஸ்ராண்டட் எண்ணெய்க் கம்பனியில். எக்சனும் அந்தக் கம்பனியின் வாரிசே. பாட்டன் குழாயில் ஈட்டியதைப் பேரர் குழாயை விசாரிப்பதற்குக் கொடுத்தனர்!

கம்பனியின் வினாவை யான் எளிதில் தள்ளமாட்டேன். பரிசில் பெற்று வாழ்ந்தோர் மரபு நமக்குப் புதிதன்று. புறநானூற்றிற் செவியறிவுறூஉ என்று ஒரு துறையே உண்டு. வரி கொள்ளும் முறை பற்றிப் பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் இடித்துரைத்தது அத்துறையினதே. தன்னைக் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்ததும் அந்நூலில் உண்டு. ஆகவே பரிசில் வாங்கிய வாய் பொய்தான் பேசும் என்பது நியாயமாகாது. எக்சனின் ஆவணங்கள் எக்சனுடையவையே. கொடையாளர் அவற்றை எழுதவில்லை.

ஆனால் அங்கே புரவலன்முன் நின்று பாடினர். இங்கே புரவலர் ஒருவர், இடித்துரைக்கப்படுபவர் வேறொருவர். ஆதலால் என் ஐயமும் வேறு. நன்கொடை நிருபரின் விடையைத் திரிக்கிறதோ இல்லையோ, வினாவைத் தெரிந்தெடுத்துக் கொடுத்துவிடுகிறது. காலநிலையிற் கவலையுள்ள நிதியம் காலநிலைக்குக் கொடுக்கும். ஓரூரின் கழிவுவாய்க்காலுக்கு, ஒரு குறிச்சியின் கிணற்றுக்குக் கொடுக்கும் செல்வர் யார்? கொடையும் சில ஆண்டுகளுக்கென வரையறுத்து வருவது. தவணை முடியுமுன் அடுத்த விண்ணப்பத்தை எழுதவேண்டும். ஆற்றடியிற் கிடக்கும் எண்ணெய்க்கு அத்தகைய தவணை இல்லை.

நம் சுன்னாகத்தை நினைக்கிறேன். மின்னுற்பத்தி நிலையத்துக் கழிவெண்ணெய் சுண்ணக்கல் வழியே இறங்கிக் கிணறுகளிற் கலந்ததென்ற வழக்கு 2015 இல் உயர் நீதிமன்றம் சென்று, 2019 ஏப்பிரிலிற் தீர்ப்புப் பெற்றது; நிலையத்தை நடத்திய கம்பனி இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமென்பது கட்டளை. அத்தீர்ப்பு நீண்ட ஆங்கிலத் தீர்ப்பு. நீர்ப் பரிசோதனை அறிக்கைகளும் நிபுணர் முரண்களும் அதில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. அதனை முழுதும் வாசித்து, அந்தக் கிணறுகளின் உரிமையாளரிடம் ஆண்டுக்கு இருமுறையேனும் சென்று, தமிழில் எழுதுவதற்கு ஒருவரை அமர்த்தினால் மாதச் சம்பளம் எவ்வளவாகும் என்று என் நண்பர் ஒருவரும் யானும் கணக்கிட்டுப் பார்த்தோம். நமது ஊர்க் கோயிலொன்றின் ஒருநாள் திருவிழாச் செலவினும் அது குறைவாகவே வந்தது.