கோடு போட்டுப் பழகு! கோட்டை அழிச்சுட்டு ஆடு!

 

போன மாதச் சுவர் இதழில் நண்பர் ஒருவர், "நம்ம பள்ளியில் விளையாட்டுச் சாமான் இல்லை, அதனால்தான் நாம ஜெயிக்கலை" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே யாரோ பென்சிலால், "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்" என்று கிறுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு பேர் சொன்னதும் பாதிதான் சரின்னு எனக்குத் தோணுது. ஏன் என்று எனக்குத் தெரிந்த ஒரு விளையாட்டை வைத்துச் சொல்கிறேன். அது கோல்ஃப்.

"அது பணக்காரங்க விளையாட்டாச்சே, உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பீர்கள். என் சித்தப்பா நம்ம ஊர் கோல்ஃப் மைதானத்தில் கேடி. (சிரிக்காதீங்க! போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ ஒட்டி வைப்பாங்களே, அந்தக் கேடி இல்லை. ஆட்டக்காரரின் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடந்து, எந்த மட்டையை எடுக்கலாம், தரை எந்தப் பக்கம் சரிவு என்று சொல்பவருக்கும் அதே பெயர்தான்.)

கோல்ஃப் என்றதும் பந்தை ஓங்கி அடித்து வானத்தில் பறக்க விடுவதுதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் குழி இருக்கும் வழவழப்பான புல்தரைக்கு வந்த பிறகு, பந்தை மெல்லத் தட்டி உருட்ட வேண்டும். அதுதான் பட்டிங். 18 குழிக்கும் சேர்த்து 72 அடியில் முடிக்க வேண்டிய மைதானம் என்றால், அதில் 36 அடியைப் பட்டிங்குக்கென்றே கணக்கு வைத்திருக்கிறார்கள். சரிபாதி!

அந்தக் குழியின் அகலம் 108 மில்லிமீட்டர். பந்தின் அகலம் சுமார் 43 மில்லிமீட்டர். 'இவ்வளவு இடம் இருக்கே, சுலபம்தானே' என்று நானும் நினைத்தேன். பத்து அடி தூரத்திலிருந்து ஒரே ஒரு டிகிரி விலகித் தட்டினால், பந்து குழியின் நடுவிலிருந்து 5 செ.மீ.க்கு மேல் தள்ளிப் போய் விளிம்பில்தான் நிற்கும். நம்ம ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் கோணமானியில் ஒரு டிகிரி எவ்வளவு சின்னக் கோடு என்று எடுத்துப் பாருங்கள்! அதனால் ஒவ்வொரு தடவையும் கை ஒரே மாதிரி போய் வர வேண்டும். அதற்கென்றே கடையில் விதவிதமான பயிற்சிக் கருவிகள் விற்கிறார்கள். பந்துக்கு நேர் மேலே கண் இருக்கிறதா என்று காட்டும் கண்ணாடி, மட்டை விலகாமல் போக இரண்டு பக்கமும் தடுப்பு வைத்த பலகை, தாளம் தப்பாமல் தட்டச் சொல்லும் டிக் டிக் கருவி, கோடு போட்ட பாய் என்று பெரிய பட்டியலே இருக்கிறது.

அதெல்லாம் வாங்க எங்க வீட்டில் வசதி இல்லை. சித்தப்பா யாரோ கழித்துப் போட்ட பழைய மட்டை ஒன்றைக் கொடுத்தார். நான் வீட்டு சிமென்ட் தரையில் இரண்டு மர ரீப்பரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நடுவில் மட்டை மட்டும் போகிற அளவு சந்து. குழிக்குப் பதிலாக ஒரு டம்ளரைப் படுக்க வைத்தேன். ஒரு மாதம் பழகினேன். கடைசியில் 50 தட்டினால் 50-ம் டம்ளருக்குள்! எனக்கு ஒரே பெருமை.

போன வருடம் மைதானத்தில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் போட்டி வைத்தார்கள். கடைசிக் குழி, மூன்றே அடி தூரம், போட்டால் முதல் பரிசு. மட்டையை எடுத்தேன். பக்கத்தில் ரீப்பர் இல்லை. எங்கே பார்ப்பது, எப்படி இழுப்பது என்று எதுவுமே புரியவில்லை. தட்டினேன். பந்து குழியை எட்டிக்கூடப் பார்க்காமல் வலது பக்கம் போய்விட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சித்தப்பா எதுவும் பேசவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒன்றுதான் சொன்னார்: "ரீப்பர்தான்டா நேராப் போச்சு. உன் கை போகல."

அந்த ஒரு வார்த்தையை நான் ரொம்ப நாள் யோசித்தேன். பயிற்சிக் கருவிகளில் இரண்டு ஜாதி உண்டு என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. ஒன்று, நம் தப்பைத் தடுத்துவிடும். ரீப்பர் அந்த வகை. மட்டை கோணலாகப் போனால் இடித்து உள்ளே தள்ளிவிடும். நாம் தப்பு செய்ததே நமக்குத் தெரியாது. இன்னொன்று, நம் தப்பைச் சொல்லிக் காட்டும். சித்தப்பா அதற்கப்புறம் இரண்டு சாக்பீஸை நிற்க வைத்து, நடுவில் பந்து மட்டும் நுழையும் அளவு வாசல் விட்டார். கை கோணினால் சாக்பீஸ் விழுந்துவிடும். யாரும் திட்டவே வேண்டாம்! டைகர் உட்ஸ் மாதிரி பெரிய ஆட்டக்காரரே புல்லில் இரண்டு டீ குச்சியை நட்டு, அந்த வாசலுக்குள் மட்டையை விட்டுத்தான் பட்டிங் பழகுவார். குச்சியில் மட்டை பட்டால் அவருக்கே தெரிந்துவிடும். அதற்கு என்ன செலவு?

இன்னொரு விஷயம். போட்டி நடக்கும்போது பயிற்சிக் கருவியை எடுத்தால் கோல்ஃப் விதிப்படி அபராத அடி உண்டு. மறுபடியும் செய்தால் ஆட்டத்தை விட்டே வெளியேற்றிவிடுவார்கள். ஆகவே கருவி இல்லாமல் ஆடுவதையும் பழக வேண்டும். இப்போது நான் பத்து தடவை சாக்பீஸ் வைத்தும், பத்து தடவை அதை எடுத்துவிட்டும் தட்டுகிறேன். இரண்டாவது பத்தைத்தான் நோட்டில் எழுதுகிறேன். முதல் நாள் 4. இன்றைக்கு 7. ஐம்பதுக்கு ஐம்பது இல்லைதான். ஆனால் இந்த 7 என்னுடையது.

பணம் இருந்தால்தான் முடியும் என்பவர்களுக்கு மூன்று பேரைச் சொல்கிறேன். கிரிக்கெட் மேதை டான் பிராட்மேன் சின்ன வயதில் பௌரல் ஊரில், ஒரு ஸ்டம்பால் கோல்ஃப் பந்தைத் தண்ணீர்த் தொட்டியின் செங்கல் சுவரில் அடித்து அடித்துப் பழகினார். பின்னாளில் டெஸ்ட் சராசரி 99.94! எஸ்.எஸ்.பி. சௌரஸியாவின் அப்பா கொல்கத்தா கோல்ஃப் மைதானத்தில் புல்தரையைப் பராமரிக்கும் தொழிலாளி. இவரும் கேடியாக இருந்தவர்தான். 2016, 2017 இரண்டு வருடமும் இந்தியன் ஓப்பன் பட்டத்தை ஜெயித்தார். பெங்களூரு அதிதி அசோக், 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம். அவருக்குக் கேடியாகப் பை தூக்கியது அவர் அம்மா! வெண்கலம் வாங்கியவரைவிட ஒரே ஓர் அடிதான் அதிகம். ஓங்கி அடிப்பதில் மற்றவர்களைவிடத் தூரம் குறைவாக இருந்தும், பட்டிங்கை நம்பித்தான் அவர் அவ்வளவு தூரம் போனார்.

இப்போது நம் பள்ளிக்கு வருகிறேன். பி.டி. ரூம் அலமாரியில் யாரோ நன்கொடையாகக் கொடுத்த மூன்று பட்டிங் மட்டைகள் இருக்கின்றன. புல்தரை இல்லை, பாய் இல்லை என்பதால் பூட்டியே கிடக்கின்றன. பி.டி. சார் மேல் குறை சொல்ல நான் எழுதவில்லை. எனது பணிவான வேண்டுகோள்கள் மூன்று:

1. பாய் வரும் வரை காத்திருக்க வேண்டாம். லேப் பக்கத்து சிமென்ட் வராண்டா போதும். நாலு மணிக்கு மேல் அரை மணி நேரம் அலமாரியைத் திறந்து விடுங்கள்.

2. கணக்கு சாரின் ஒரு மீட்டர் மர ஸ்கேலைக் கொடுத்து உதவுங்கள். அதன்மேல் பந்தை வைத்துத் தட்டி, மறுமுனை வரை விழாமல் உருட்டினால் அதுவே நல்ல பயிற்சி. உடைக்க மாட்டோம்!

3. இது கோல்ஃபுக்கு மட்டும் இல்லை. பந்து வீசும் நண்பர்கள் பிட்சில் ஒரு கைக்குட்டையை விரித்து அதில் குத்திப் பழகுங்கள். அப்புறம் கைக்குட்டையை எடுத்துவிட்டும் ஆறு பந்து போடுங்கள்.

நம்ம வகுப்பில் பாதிப் பேரின் அப்பாவோ மாமாவோ தேயிலைத் தோட்டத்திலோ அந்த மைதானத்திலோதான் வேலை பார்க்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நடப்பது நமக்கானது இல்லை என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். பை தூக்கத் தெரிந்த வீட்டுக்கு மட்டை பிடிக்கவும் வரும். அதனால் சாமான் இல்லை என்று எழுதிய நண்பரே, சாக்பீஸ் இருக்கிறது, வாருங்கள். கூடம் கோணல் என்று கிறுக்கிய நண்பரே, கோணலை எடுத்துக் காட்ட ஏதாவது ஒன்று வேண்டும்தானே? நீங்களும் வாருங்கள்.

கடைசியாக ஒன்று. ஒண்ணாம் வகுப்பில் நாலு கோடு நோட்டில்தானே நாம எல்லோரும் எழுதப் பழகினோம்? இந்தத் தாளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஸ்கேல் வைத்துப் பென்சிலில் கோடு போட்டு, எழுதி முடித்து அழித்திருக்கிறேன். தடம் கொஞ்சம் தெரியும். ஆனால் கடைசிப் பத்தியை, அதாவது இதை, கோடே போடாமல் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். மன்னிக்கவும். அடுத்த மாதம் நேராக வரும்.



இப்படிக்கு,
பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்