பூட்டில்லாக் கஜானா

கஜானாவின் பத்திர அறையை இரட்டைப் பூட்டில் வைக்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. ஒரு சாவி ஓர் உத்தியோகஸ்தரிடம் இருக்கும். மற்றொன்று வேறொருவரிடம் இருக்கும். இருவரும் கூடி நின்றாலன்றி அறை திறவாது. அவ்விருவருடைய யோக்கியதையில் அவநம்பிக்கை கொண்டு செய்த ஏற்பாடன்று இது. ஒரு சாவி திருடன் கையில் அகப்பட்டாலும் பணம் போகலாகாது. நேர்மையுள்ள உத்தியோகஸ்தரே அயர்ந்து தவறினாலும் போகலாகாது என்பதே அதன் கருத்து. பணத்திற்கு இத்தனை ஜாக்கிரதை காட்டும் நாம், பணத்தினும் அரிய வேறொரு பொக்கிஷத்தை எந்த நிலையில் வைத்திருக்கிறோம்?

நிலத்தின் பட்டா, வில்லங்கச் சான்று, ஆஸ்பத்திரியில் நோயாளியின் சரித்திரம், பாங்கிக் கணக்கு, பரீட்சை மார்க்கு ஆகிய யாவும் இன்று கம்ப்யூட்டர்களில் ஏறிவிட்டன. பெரிய ஸ்தாபனங்களில் இவை தனித்தனிக் கம்ப்யூட்டரில் இருப்பதில்லை. ஒரே பெரிய சேமிப்பு நிலையத்தில் பல பகுதிகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. இப்பகுதிகளை வால்யூம் என்று நிபுணர்கள் அழைக்கின்றனர். பல சர்வர்கள் ஒரே வலை மூலமாக அந்நிலையத்தை அணுகுகின்றன. அபாயம் இங்கேதான் இருக்கிறது. தனக்குரியதல்லாத வால்யூம் ஒரு சர்வரின் கண்ணில் பட்டால், அதை வெற்றிடமென்று எண்ணித் தன் முத்திரையை அதன்மேல் எழுதிவிடக் கூடும். ஒன்றையொன்று அறியாத இரண்டு சர்வர்கள் ஒரே வால்யூமில் எழுதத் தொடங்கினால் இருவர் கணக்கும் குழம்பிப் பாழாகும். பகைவன் புக வேண்டியதில்லை. நம்மவர் கையே போதும்.

இரண்டு விதமான நஷ்டத்திற்கும் சமீப கால உதாரணங்கள் உண்டு. 2022-ம் வருஷம் நவம்பர் 23-ந் தேதி டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் சர்வர்களில் அந்நியர் புகுந்தனர். ஐந்து சர்வர்களில் இருந்த ஏறக்குறைய 1.3 டெராபைட் தகவல்கள் திறக்க முடியாதபடி மறைமொழியாக்கப்பட்டன என்று சர்க்காரே பார்லிமெண்டில் தெரிவித்தனர். வலையமைப்பைத் தக்கபடி பிரித்து வைக்காததே அந்நியர் உட்புக இடமளித்தது என்பதும் சர்க்கார் சொன்ன காரணமாகும். சுமார் இரண்டு வாரங்கள் நோயாளிகளைப் பதிவு செய்தல், சேர்த்தல், அனுப்புதல் யாவும் காகிதத்தில் கையால் நடந்தன. பாதிக்கப்படாத வேறொரு சர்வரில் காப்புப் பிரதி இருந்தபடியால் தகவல்கள் மீண்டன. அதுவும் அதே வலையில் அகப்பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணவே மனம் கூசுகிறது.

மற்றொன்று ஜப்பானில் நிகழ்ந்தது. 2021-ம் வருஷம் டிசம்பர் மாதம் கியோத்தோ சர்வகலாசாலையின் சூப்பர் கம்ப்யூட்டரிலிருந்து ஏறக்குறைய 77 டெராபைட் ஆராய்ச்சித் தகவல்கள் அழிந்தன. 3 கோடியே 40 லட்சம் கோப்புகள் போயின. 14 ஆராய்ச்சிக் குழுக்கள் பாதிக்கப்பட்டன; அவற்றில் 4 குழுக்களின் தகவல்களை மீட்கவே வழியில்லை. இங்கே திருடனும் இல்லை, பகைவனும் இல்லை. காப்புப் பிரதி எடுப்பதற்கென்றே அமைந்த ஏற்பாட்டில், பழைய குறிப்புகளைத் துடைக்கும் ஒரு சிறு கட்டளைத் தொகுதி உண்டு. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் திருத்திய தொகுதியை எழுதிவிட்டார்கள். பாதியில் மாறிப்போன கட்டளை, எந்த இடத்தைத் துடைப்பதென்று அறியாமல் ஆராய்ச்சித் தகவல்களையே துடைத்துவிட்டது. இயந்திரத்தைக் கொடுத்த கம்பெனியார் பிழை தம்முடையதென்று ஒப்புக்கொண்டனர். ஒப்புக்கொண்டதனால் போனது வந்துவிடவில்லை.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அந்நியன் புகுவதும், உரியவன் தவறுவதும் வெவ்வேறு வியாதிகளாகத் தோன்றினாலும், பரிகாரம் பெரும்பாலும் ஒன்றே. எவன் கையிலும் முழு அதிகாரம் தனியே இருக்கலாகாது.

இதற்கு மூன்று பூட்டுகள் வேண்டும். முதலாவது, பார்வைக்குப் பூட்டு. ஒவ்வொரு சர்வருக்கும் அதற்குரிய வால்யூம் மட்டுமே தெரிய வேண்டும். பிறருடையது இருப்பதாகவே அது அறியலாகாது. வலையின் ஸ்விட்சிலும், சேமிப்பு நிலையத்திலும் இதற்கு வசதி உண்டு. இரண்டாவது, எழுத்துக்குப் பூட்டு. படிக்க மட்டுமே வேண்டியவர்களுக்கு எழுத அதிகாரம் கொடுக்கலாகாது. ஒரு வால்யூமை அழிக்கவோ புதிதாக அமைக்கவோ இருவர் சம்மதம் வேண்டும். பழைய காந்த நாடாச் சுருள்களில் ஒரு சிறு வளையத்தைப் பொருத்தினாலன்றி எழுத இயலாதபடி செய்திருந்தார்கள். எழுதுவதற்கு முன் மனிதன் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டியதாயிற்று. அந்த ஒரு கணமே காவல். மூன்றாவது, காலத்திற்குப் பூட்டு. குறித்த கெடு முடியும் வரையில் தலைமை நிர்வாகியாலும் அழிக்க முடியாத பிரதி ஒன்று இருக்க வேண்டும். வலையோடு சேராமல் வேற்றூரில் வைத்த பிரதி மற்றொன்று இருக்க வேண்டும்.

இவற்றுக்குச் செலவாகுமே என்பார் சிலர். ஆகும். ஆனால் பார்வைப் பூட்டுக்கான வசதி, வாங்கிய இயந்திரத்திலேயே பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. அதை முறையாக அமைக்கும் சிரத்தைதான் குறைவு. எங்கள் சிப்பந்திகள் நேர்மையானவர்கள் என்பார் வேறு சிலர். கியோத்தோவில் எவரும் நேர்மை தவறவில்லையே! இன்னும் சிலர், நடுநிசியில் நோயாளி உயிருக்குப் போராடும்போது இரண்டாவது சாவிக்காரரைத் தேடுவதா என்று கேட்கின்றனர். இது நியாயமான கேள்வியே. நோயாளியின் ஏட்டைப் படிக்கவும், அதில் புதிதாக எழுதவும் டாக்டருக்குத் தடையிருக்கக் கூடாது. ஏட்டையே அழிப்பதற்குத்தான் இரண்டு சாவி வேண்டுமென்கிறோம். ஆபத்துக் காலத்திற்கென ஒரு தனிச் சாவியை முத்திரையிட்ட உறையில் வைத்து, உடைத்தவர் யார், எப்போது, எதற்கு என்பது பதிவாகும்படி செய்யலாம். மறைமொழிச் சாவி தொலைந்தால் தகவலும் தொலைந்ததேயாகும். ஆகவே அதற்கும் பத்திரமான பிரதி அவசியம்.

சட்டம் இருக்கிறதே என்று திருப்தியடைவதற்கில்லை. அந்நியர் புகுந்தால் 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டுமென்று 2022-ம் வருஷம் ஏப்ரலில் சர்க்கார் உத்தரவு பிறப்பித்தனர். தக்க பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023-ம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. இரண்டும் வேண்டியவையே. ஆனால் இரண்டும் நஷ்டம் நேர்ந்த பிறகு பேசுபவை. சர்க்கார் ஸ்தாபனம் அபராதம் கட்டினால், பிரஜைகளின் வரிப்பணம் ஒரு பையிலிருந்து மற்றொரு பைக்குப் போகும். ஏழைக் குடியானவனின் பட்டா அதனால் திரும்பி வராது. நஷ்டத்திற்கு முன்பே பூட்டைச் சோதிக்கும் விதியே நமக்கு வேண்டியது.

ஆகவே, சர்க்கார் ஆஸ்பத்திரி, ரிஜிஸ்தர் ஆபீஸ், முனிசிபாலிட்டி, சர்வகலாசாலை ஒவ்வொன்றிலும் வருஷத்திற்கு ஒரு முறையேனும் வெளியார் தணிக்கை நடைபெற வேண்டும். காப்புப் பிரதி இருக்கிறதென்ற வாய்மொழி போதாது; அதிலிருந்து தகவல்களை உண்மையில் மீட்டுக் காட்ட வேண்டும். மீட்டுப் பார்க்காத பிரதி பிரதியாகாது. தணிக்கையின் முடிவைச் சட்டசபையின் முன் வைக்க வேண்டும். இரகசிய நுட்பங்களை நீக்கி, தேறியதா தவறியதா என்பதை மட்டும் ஜனங்களுக்குத் தெரிவித்தால் போதும்.

தேச ஊழியர்கள் இது நிபுணர் விஷயமென்று ஒதுங்கிவிடலாகாது. சட்டசபையிலும் நகரசபையிலும் நான்கு கேள்விகளைக் கேட்க எவருக்கும் இயலும். எங்கள் ஏட்டை யார் யார் பார்க்கலாம்? அழிக்கும் அதிகாரம் எத்தனை பேர் கையில் இருக்கிறது? அழிக்க முடியாத பிரதி எவ்விடத்தில் இருக்கிறது? அதை மீட்டுப் பார்த்த தேதி எது? இவற்றுக்கு நேரான விடை கூற முடியாத ஸ்தாபனத்தினிடம் ஜனங்களின் ஏடுகளை ஒப்புவித்திருப்பது, பூட்டில்லாக் கஜானாவில் ஊர்ப் பணத்தைக் கொட்டி வைப்பதற்கு ஒப்பாகும். மந்திரிகள் இதைத் தாமதியாமல் கவனிப்பார்களென எதிர்பார்க்கிறோம்.