தேனீக்கும் திண்ணையா?

திண்ணை இல்லாத வீட்டில் பெண் கொடுக்க மாட்டேன் என்று சொன்ன பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். திண்ணை இல்லாத பெட்டியில் தேனீ தங்காது என்று சொன்ன பெரியவரை இப்போதுதான் பார்த்தேன்.

ஆலங்குடிப் பக்கம் என் உறவினர் ஒருவருக்குத் தென்னந்தோப்பு. அதில் நாலு தேன் பெட்டிகள். நாலாவது பெட்டி அவரே பழைய பலகைகளைக் கொண்டு அறைந்தது. வாசலுக்கு ஒரு துவாரம், அவ்வளவுதான். விஷயமறிந்த மனிதர் ஒருவர் வந்தார். "இறங்கு பலகை எங்கே ஐயா? பூந்தூளைச் சுமந்து வருகிற ஈ எதில் வந்து இறங்கும்? இது பெட்டியே அல்ல!" என்று தீர்ப்பளித்துவிட்டுப் போனார். உறவினரும் மறுநாளே வாசலுக்குக் கீழே ஒரு பலகையை ஆணியடித்து இறுக்கினார்.

முதலில் அந்தத் திண்ணைக்குக் குடிவந்தது ஓணான். உட்கார்ந்த இடத்திலேயே அதற்குச் சாப்பாடு. பிறகு ஐப்பசி மழை. பலகை உட்புறமாகச் சற்றே சாய்ந்திருந்ததால், விழுந்த நீரெல்லாம் பெட்டிக்குள் ஓடியது. ஒரு நாள் காலையில் பார்த்தால் கூட்டம் முழுவதும் பெட்டியைக் காலி செய்துவிட்டிருந்தது. நம் நாட்டுத் தேனீக்கு இடம் பிடிக்காவிட்டால் சொல்லிக்கொள்ளாமல் போய்விடுகிற சுபாவம் உண்டு.

நான் கேட்கிறேன்: மரப்பொந்திலும் கிணற்றுச் சுவர் இடுக்கிலும் கூடு கட்டுகிற இந்த ஈக்கு அங்கெல்லாம் திண்ணை போட்டுக் கொடுத்தது யார்? மரப்பட்டையின் மேல் செங்குத்தாக வந்து ஒட்டிக்கொண்டு உள்ளே ஓடுகிற கால்கள் அதற்கு இருக்கின்றன.

எதிர்க்கட்சியிலும் நியாயம் இல்லாமலில்லை. 1911 முதல் 1917 வரை தென்னாட்டில் பலருக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்த நியூட்டன் பாதிரியாரின் பெயரால் வழங்கும் பெட்டியில், அடிப்பலகையே முன்னால் சுமார் பத்து சென்டிமீட்டர் நீண்டிருக்கும். அதில் நின்றால் எந்த ஈ பூந்தூளோடு வருகிறது, செத்த ஈ எத்தனை கிடக்கிறது என்று பெட்டியைத் திறக்காமலே பார்த்துக்கொள்ளலாம். பிடித்து வந்த கூட்டத்தை உள்ளே நடத்திவிடவும் வசதி. எல்லாம் சரி. ஆனால் இவை யாருடைய வசதி? பார்க்கிற மனிதனுடைய வசதி! அதைத் தேனீயின் தேவை என்று சட்டம் போடும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

1851-ல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார், சட்டங்களுக்கு இடையே எவ்வளவு இடம் விட்டால் தேனீ அதில் அடை கட்டாமல் நடைபாதையாக விட்டுவைக்கிறது என்று கவனித்தார். இன்றைய தேன் பெட்டிகளுக்கெல்லாம் அந்த இடைவெளிதான் உயிர். அது தேனீயைக் கேட்டு எடுத்த அளவு. திண்ணையோ மனிதன் தன்னையே கேட்டு எடுத்த அளவு.

தேனீ கேட்பது வேறு. எறும்பு ஏறாமலிருக்கக் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம். தன்னால் காவல் காக்கக்கூடிய சிறிய வாசல். புதுக்கோட்டைச் சித்திரை வெயிலுக்குக் கொஞ்சம் நிழல். மழை நீர் வெளியே வடிய, முன்பக்கம் சற்றுச் சரிவு. மெழுகுப் பூச்சி புகுந்திருக்கிறதா என்று அடிக்கடி பார்க்கிற கண். 1991, 92-ல் புழுக்களைக் கொல்லும் வைரஸ் நோய் தென்னாட்டுத் தேன் பெட்டிகளைக் கூண்டோடு காலி செய்தபோது, திண்ணை உள்ள பெட்டி, இல்லாத பெட்டி என்று அது பேதம் பார்க்கவில்லை.

ஆகவே, பலகை வேண்டுமென்றால் தாராளமாக வையுங்கள். சரிவு வெளிப்பக்கம் இருக்கட்டும். ஆனால், கையில் காசில்லாமல் ஓட்டைப் பெட்டியோடு தொழிலைத் தொடங்குகிற ஏழைச் சம்சாரியிடம் போய், "இது பெட்டியே அல்ல" என்று சொல்லாதீர்கள். அதைச் சொல்ல வேண்டியது தேனீ. என் உறவினரின் நாலாவது பெட்டியில் அது குடியிருந்த வரைக்கும் அப்படிச் சொல்லவே இல்லை.