பி.டி. பீரியடைத் திருடியவன் எழுதுகிறேன்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிறு காலை பேத்தியுடன் எல்லியட்ஸ் பீச் போயிருந்தேன். பையன்களும் பெண்களும் ஒரே அணியில் ஃபிரிஸ்பீ தட்டை வைத்து 'அல்டிமேட்' ஆடுவதைப் பெசன்ட் நகர் பக்கம் பார்த்திருப்பீர்கள். நடுவர் கிடையாது, தகராறு வந்தால் ஆடுபவர்களே பேசித் தீர்க்க வேண்டும். பக்கத்தில் ஒரு அப்பா மகளைப் பார்த்துக் கத்தினார்: "கையில பலமே இல்லையேம்மா, ஓங்கி வீசு!" ஓங்கி வீசினாள். தட்டு தள்ளாடி, பத்தடியில் மணலில் குத்தியது. "பொண்ணுங்களுக்கு இவ்வளவுதான் வரும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. பாதி அவர் மேல், பாதி என் மேல்.

முதலில் அவருக்குப் பதில். ஐயா, பம்பரத்தைப் பாருங்கள். சுழலாத பம்பரம் நிற்காது. சுழலாத தட்டு பறக்காது. தட்டின் எடையே 175 கிராம்தான், அதற்கு எதற்குப் பயில்வான்? ஓங்கும் கை தட்டை வட்டமாகச் சுற்றி இழுக்கும், விடும் இடம் ஒவ்வொரு தடவையும் மாறும், குறி தப்பும். பக்கவாட்டில் நின்று, தட்டை நெஞ்சை ஒட்டி நேர்கோட்டில் இழுக்க வேண்டும். முதலில் இடுப்பு திரும்பணும், பிறகு தோள், பிறகு முழங்கை, கடைசியில் மணிக்கட்டு. ஈரத்துண்டை உதறும்போது சொடுக்கு கடைசி நொடியில்தானே வருகிறது? அதேதான். அந்த நொடி வரை பிடி தளரக்கூடாது. முன்விளிம்பு மேலே தூக்கியிருந்தால் தட்டு ஏறி, வேகம் செத்து விழும். எதிர்க்காற்றில் இன்னும் மோசம். அப்போது தாழ்வாக, சுழற்சியைக் கூட்டி வீசணும். வலது கைக்காரர் பேக்ஹேண்டில் வீசினால் கடைசியில் இடப்பக்கம் சாயும். அதற்கும் இடம் விட்டுக் குறி பார்க்கணும். முதலில் பாதி வேகத்தில் தள்ளாடாமல் போகட்டும். தூரம் பின்னாலேயே வரும்.

பேத்தி இதையே அந்தப் பெண்ணுக்குக் காட்டினாள். கால்மணி நேரத்தில் தட்டு அவள் அப்பாவின் தலைக்கு மேல் பறந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை.

இனி என் பாதி. இதெல்லாம் கோண உந்தம். நான் போர்டில் எழுதிப்போட்டு, நீங்கள் மனப்பாடம் செய்த அதே பாடம். அதை நடத்தத்தான் "போர்ஷன் முடியலை" என்று உங்கள் பி.டி. பீரியடைப் பிடுங்கினேன். பாடமே மைதானத்தில் இருந்தது! பெண்பிள்ளைகளை அங்கே அனுப்பாமல் வகுப்பிலேயே உட்கார வைத்தேன். அந்த அப்பா வாயால் சொன்னதை நான் டைம்டேபிளில் செய்தேன்.

"மார்க் வந்துச்சே சார்" என்பீர்கள். வந்தது. இப்போது கோண உந்தம் என்றால் என்னவென்று பார்க்காமல் எத்தனை பேரால் சொல்ல முடியும்? கமெண்டில் சொல்லுங்கள், பார்க்கலாம். இந்த அல்டிமேட் ஆட்டத்தையே 1968-ல் நியூ ஜெர்ஸியில் பள்ளி மாணவர்கள்தான் உருவாக்கினார்கள். என் பள்ளியில் என்றால் அந்த நேரத்தையும் ஸ்பெஷல் கிளாஸ் ஆக்கியிருப்பேன்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், பலர் பெற்றோர். அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் மார்க்கைக் கேட்கும் முன், "வாரத்தில் எத்தனை பி.டி. பீரியடு உண்மையில் நடக்கிறது?" என்று கேளுங்கள். ஆசிரியர்களே, கடன் கேட்காதீர்கள். நான் வாங்கிய கடனை இன்றுவரை திருப்பவில்லை.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் வாத்தியார்