கோடையில் சேர்த்தால் மழையில் மிச்சம்

போத்தனூர் சுற்றுப்புறச் சிற்றூர்களில் கோடையில் காட்டு வேலை குறைவு. வீட்டு வேலை அதிகம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்குமுன் துவரையும் தட்டைப்பயறும் காய்ந்து பானையேற வேண்டும். மேட்டில் கல் பரப்பிச் சோளத்தட்டுப் போர் போட வேண்டும். வீட்டு ஓடும் மாற்ற வேண்டும். இதில் பெரும்பகுதி பெண்களின் உழைப்பு. பண்ணைக் கணக்கிலோ இதற்கு ஒரு வரிகூட இல்லை. இது முறையன்று.

பயறு வண்டு காட்டிலேயே காயின்மேல் முட்டையிட்டு, மணியோடு வீடு வந்து சேருகிறது. ஆகவே ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழ் இறங்கும்வரை காயவைத்தல் அவசியம். கடித்தால் மணி 'டக்'கென்று உடைய வேண்டும். செம்மண் கட்டி வைக்கும் பாட்டிமார் வழக்கமும் வீணன்று. அந்தப் பூச்சின்மேல் வண்டு முட்டையிடத் தயங்கும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் 100 கிலோ பயறு விதைக்கு 1 கிலோ ஆக்டிவேட்டட் கயோலின் என்னும் களிமண் தூளைக் கலக்கச் சொல்கிறது.

அறுத்த கையோடு அத்தனையும் விற்றுவிட்டு, மழைக்காலத்தில் பருப்பும் விதையும் தட்டும் கூடுதல் விலைக்கு வாங்குவது சிறு விவசாயிக்குக் கட்டாது. எவ்வளவு விற்பது, எவ்வளவு வைப்பது என்பதை வீட்டுப் பெண்களைக் கேட்டு முடிவு செய்யவேண்டும். விற்ற பணத்தில் முதல் செலவு ஒரு தார்ப்பாயும் மூடியுள்ள தகரக் குதிரும் ஆகட்டும். மழை வந்தபின் வெயிலைத் தேடிப் பயனில்லை.