வகுப்பறைச் சிரிப்பை வளர்ப்பவர் யார்?

“பிள்ளைகள் இன்றைக்கு அடித்துக்கொள்வார்கள், நாளைக்குக் கூடிக்கொள்வார்கள், பெரியவர்கள் இதில் நுழையலாகாது” என்றொரு தீர்ப்பு நம் வீட்டுத் திண்ணைகளில் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. சண்டையைப் பொறுத்தவரை அத்தீர்ப்பில் பிழையில்லை. ஒத்த வலிமையுடைய இருவர் மல்லுக்கு நிற்பது சண்டை. அது மாலைக்குள் ஆறிவிடும். ஆனால், ஒரு பிள்ளையைப் பலர் சேர்ந்து நாள்தோறும் இழிபெயர் சொல்லி அழைப்பதும், அவனுடைய சோற்றுப் பாத்திரத்தை ஒளித்து வைப்பதும், அவன் அருகில் உட்கார மறுப்பதும் சண்டையாகுமா? வேண்டுமென்றே செய்வது, மீண்டும் மீண்டும் செய்வது, திருப்பிக் கேட்க வலியில்லாதவனிடம் செய்வது ஆகிய மூன்றும் சேர்ந்தால் அதற்குப் பெயர் வேறு. நார்வே நாட்டில் இக்கொடுமையை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துரைத்த டான் ஒல்வேயஸ் என்ற அறிஞர் வகுத்த இலக்கணமும் இதுவே. இதைச் சீண்டல் என்போம். சீண்டலைச் சண்டையென்று தள்ளிவிடும் ஆசிரியர், வழக்கை விசாரிக்காமலேயே வலியவனுக்குச் சாதகமாகத் தீர்ப்பெழுதுகிறார்.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இதைப் பற்றிப் பேச வேண்டிய தேவை மற்ற ஊர்களைவிட மிகுதி. கன்னட நாட்டின் வாயிற்படியில் அமைந்த நிலம் இது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் ஒரே தெருவில் ஒலிப்பது இங்குப் புதிதன்று. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. அசோக் லேலண்டும் டி.வி.எஸ். நிறுவனமும் டைட்டனும் வந்தன. வேலை தேடித் தென்மாவட்டங்களிலிருந்து மக்கள் வந்தார்கள். பின்னர் பீகார், ஒடிசா, வங்காளம், அஸ்ஸாம் எனத் தொலைவிடங்களிலிருந்தும் வந்தார்கள். தாய் தந்தையர் முறைவேலைக்குப் போய்விட, ஒரே வகுப்பில் அவர்களுடைய பிள்ளைகள் அருகருகே அமர்கிறார்கள். பெற்றோர் விழித்திருக்கும் நேரமும் பிள்ளை வீட்டிலிருக்கும் நேரமும் பொருந்தாத குடும்பங்கள் பல. அப்பிள்ளையின் முகவாட்டத்தைப் பகலில் காணக்கூடிய ஒரே பெரியவர் ஆசிரியர்தாம்.

இத்தகைய வகுப்பில் ஒருவனைத் தாழ்த்துவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. வடநாட்டுத் தொழிலாளியின் மகன் ‘இந்திக்காரன்’ ஆகிறான். நம் பிள்ளையை ‘துலுக்கன்’ என்பார்கள். எல்லைக்கு அப்பால் நம் மொழி பேசும் பிள்ளை ‘கொங்கா’ என்ற இழிசொல்லைக் கேட்கிறது. பெரியவர்களின் பகை வகுப்பறைக்குள் வந்து சேர நெடுநேரம் ஆவதில்லை. 1991 டிசம்பரில் காவிரித் தீர்ப்பையொட்டிப் பெங்களூரில் கலவரம் மூண்டபோது, தமிழ்க் குடும்பங்கள் உயிருக்கஞ்சி எல்லை தாண்டி வந்த வரலாற்றை இவ்வட்டாரம் அறியும். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவ, பலர் அஞ்சி ஊர் திரும்பியதையும் அறியும். வெளியே இத்தகைய காற்று வீசும்போது வகுப்பறைக் கதவைச் சாத்தத் தெரிந்தவரே ஆசிரியர்.

நம் வீட்டையும் சற்றே நோக்குவோம். உருது பேசும் பிள்ளை, தமிழ் பேசும் பிள்ளையைப் பார்த்து “உருது தெரியாத நீயும் முஸ்லிமா?” என்கிறது. தமிழ் பேசும் பிள்ளை, அதன் தமிழ் உச்சரிப்பைப் பழித்துப் ‘பட்டாணி’ என்கிறது. மக்தபில் நடக்கும் இந்தக் கேலியைக் கேட்டுப் புன்னகைத்துக் கடந்துபோகும் உஸ்தாதுகள் இல்லையென்று யாராவது சொல்ல முடியுமா? பரிகசிப்பதையும், குத்திக் காட்டுவதையும், பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் திருமறையின் 49ஆவது அத்தியாயத்தின் 11ஆவது வசனம் ஒருங்கே தடுக்கிறது. அவ்வசனத்தைப் பிழையின்றி ஓதக் கற்பிக்கும் பாயின் மீதே அது மீறப்படுவதைக் காட்டிலும் வருந்தத்தக்கது வேறென்ன?

சீண்டலை ‘விளையாட்டு’ என்போர் திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியை நினைத்துப் பார்க்கட்டும். 2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு, பட்டியலினத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் வீட்டுக்குள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியவர்கள் அவனுடைய பள்ளித் தோழர்கள். அவர்கள் தன்னைத் தொடர்ந்து சீண்டுவதாக ஆசிரியரிடம் அவன் முறையிட்ட பிறகே இது நேர்ந்தது. அரிவாள் ஒரே இரவில் முளைக்கவில்லை. அதற்கு முன்னே எத்தனை நாள் ஏச்சும் ஏவலும் நடந்திருக்க வேண்டும்! அவற்றை எத்தனை கண்கள் கண்டிருக்க வேண்டும்!

இதன் பின்னர் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டலாகாது, வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு இருக்கலாகாது, ஆசிரியர் மாணவரை நேராகவோ மறைமுகமாகவோ சாதியைச் சுட்டி அழைக்கலாகாது, மாணவர் மிகுந்த பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்றெல்லாம் அக்குழு பரிந்துரைத்தது. இவற்றுள் மூன்றாவதைக் கவனியுங்கள். மாணவனின் கைக்கயிற்றை அவிழ்த்தால் மட்டும் போதாது, ஆசிரியரின் நாவுக்கும் ஒரு கட்டு வேண்டும் என்பதைச் சட்டமறிந்த ஒரு பெரியவர் எழுதியே தர வேண்டியிருந்தது.

நாவுக்குக் கட்டில்லாத ஆசிரியரின் வகுப்பு எப்படியிருக்கும் என்பதை 2023 ஆகஸ்டில் உத்தரப் பிரதேசம் காட்டியது. முஸப்பர்நகர் மாவட்டத்துக் குப்பாபூர் கிராமத்தில், வாய்ப்பாடு ஒப்பிக்கவில்லை என்பதற்காக ஏழு வயது முஸ்லிம் சிறுவன் ஒருவனை வகுப்பின் நடுவே நிறுத்தி, மற்றப் பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பி அறையச் செய்தார் ஓர் ஆசிரியை. நாடு முழுவதும் அக்காணொளியைக் கண்டது. 2023 செப்டம்பரில் இவ்வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றம், அடிபட்ட சிறுவனுக்கு மட்டுமின்றி, அடிக்கச் சொல்லி அடித்த பிள்ளைகளுக்கும் மனநல ஆலோசனை தர வேண்டுமென்று ஆணையிட்டது. ஏன் அடித்தவர்களுக்கும்? பிறரை அறைவது குற்றமன்று, அது ஆசிரியரை மகிழ்விக்கும் செயல் என்று அப்பிஞ்சு உள்ளங்களில் அன்று எழுதப்பட்டுவிட்டது. அந்த எழுத்தை அழிக்காமல் விட்டால் அது வளர்ந்து எதுவாகும்?

குப்பாபூரில் கையால் நடந்தது, பல வகுப்புகளில் குறும்புப் பேச்சாலும் மௌனத்தாலும் நடக்கிறது. திக்கிப் பேசும் மாணவனைப் போல் ஆசிரியரே திக்கிக் காட்டி வகுப்பைச் சிரிக்க வைக்கிறார். தவறாகக் கணக்கிட்டவனை “உன் அத்தாவுடைய பிரியாணிக் கடைக்கே போ” என்கிறார். அடித்ததாக அவர் மீது யாரும் வழக்குத் தொடர முடியாது. ஆனால், யாரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பதற்கு அவர் அனுமதிச் சீட்டு வழங்கிவிட்டார். மறுநாள் இடைவேளையில் அச்சீட்டு நாற்பது பிரதிகளாகச் செலாவணியாகும்.

என் வாதத்தின் மையம் இதுதான்: சீண்டுபவன் ஒருவனே, அவனை வளர்ப்பது சுற்றி நின்று சிரிப்பவர் கூட்டம். அக்கூட்டம் எதற்குச் சிரிக்கலாம், எதற்குச் சிரிக்கலாகாது என்று வரையறுப்பவர் ஆசிரியர். பின்லாந்து நாட்டின் துர்க்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா சல்மிவல்லி இதை ஆராய்ந்து கூறினார். சீண்டல் நடக்கும் இடத்தில் துணைக்குச் சேர்பவர், சிரித்து ஊக்குபவர், ஒதுங்கி நிற்பவர், காக்க முன்வருபவர் எனப் பிள்ளைகள் பிரிந்து நிற்கிறார்கள் என்றார். அதை அடிப்படையாகக் கொண்ட ‘கிவா’ என்னும் திட்டம் 2009 முதல் அந்நாடு முழுவதும் பரவியது. கனடா நாட்டுப் பள்ளித் திடல்களில் எடுத்த படங்களை ஆராய்ந்து 2001இல் வெளிவந்த ஆய்வு இன்னொன்றைச் சொல்லிற்று. உடனிருக்கும் பிள்ளை ஒன்று குறுக்கிட்டபோது, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் சீண்டல் பத்து நொடிக்குள் நின்றுவிட்டது. ஆயினும் குறுக்கிடும் பிள்ளைகள் மிகச் சிலரே. அச்சிலரைப் பலராக்குவதே ஆசிரியரின் பணி.

“இதற்கெல்லாம் எதற்கையா ஆராய்ச்சி? இரண்டு பிரம்படி கொடுத்தால் சரியாகிவிடும்” என்பார் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பதினேழாம் பிரிவில், உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடைசெய்திருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், பிரம்பு கற்பிக்கும் பாடம் என்ன? வலியவன் எளியவனை அடிக்கலாம் என்பதுதானே! சீண்டுபவன் ஏற்கெனவே நன்கறிந்த பாடம் அது. பதினான்காம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் மாணவரிடம் கடுமை காட்டுவதன் தீங்கை ஒரு தனி அத்தியாயமாகவே எழுதினார். அடக்குமுறையில் வளரும் பிள்ளை ஊக்கமிழந்து பொய்யிலும் வஞ்சகத்திலும் தஞ்சம் புகும் என்று எச்சரித்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சிறுவயதிலிருந்து பத்தாண்டுகள் பணியாற்றிய அனஸ் (ரலி) அவர்கள், ஒரு முறையேனும் தாம் சீறப்பட்டதில்லை என்று சொன்னதை நாம் பயானில் கேட்டு உருகுகிறோம். கேட்டு உருகியவர் மறுநாள் மக்தபில் பிரம்பைத் தேடலாமா?

அப்படியானால் ஆசிரியர் கண்டிக்கவே கூடாதா என்று கேட்கலாம். கண்டிக்க வேண்டும், உடனே கண்டிக்க வேண்டும். அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்தியபோது, அண்ணலார் அதைத் தோழர்களிடை நிகழ்ந்த விளையாட்டென்று விட்டுவிடவில்லை. அறியாமைக் காலத்துக் குணம் இன்னும் உம்மிடம் இருக்கிறதே என்ற கருத்தில் நேரடியாகவே கடிந்துகொண்டார்கள். பிரம்பு தேவைப்படவில்லை. பின்னாளில் அபூதர் (ரலி) தம் பணியாளுக்குத் தாம் அணிந்ததைப் போன்ற ஆடையையே அணிவித்து வாழ்ந்தார்கள். குற்றத்தைப் பெயர் சொல்லிக் காட்டி, மனிதனைக் கைவிடாத கண்டிப்பு அது.

நம்மவர் சிலர் வேறொரு வழி சொல்வார்கள்: “நம் பிள்ளையை எடுத்து நம்முடைய பள்ளியிலேயே சேர்த்துவிட்டால் தீர்ந்தது.” எங்கே தீர்ந்தது? உருதுக்கும் தமிழுக்கும், சிவப்புக்கும் கறுப்புக்கும், பங்களாவுக்கும் வாடகை அறைக்கும் நம் பள்ளிகளில் வேற்றுமை இல்லையா? மேலும், ஒதுக்கப்பட்ட பிள்ளை வகுப்பை விட்டுப் போவதே சீண்டியவர்கள் வேண்டிய வெற்றி. இவ்வட்டாரத்தில் பள்ளியை வெறுத்த பையனுக்குப் பட்டறைக் கதவு என்றும் திறந்தேயிருக்கிறது. பெண் பிள்ளையானால், “போதும், வீட்டில் இரு” என்று சொல்ல உறவினர் காத்திருக்கிறார்கள். ஒரு கேலிச் சொல்லுக்கு ஒரு முழு வாழ்வை விலையாகக் கொடுக்கிறோம்.

மாணவர் குறைகளை எழுதிப் போட அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டி உண்டு. 14417 என்ற உதவி எண்ணும் உண்டு. இரண்டும் நல்லவை. ஆனால், பெட்டிக்குக் கண்ணில்லை. கண்ணுள்ளவர் செய்ய வேண்டியவை சில. எல்லாப் பிள்ளைகளையும் அவரவர் சொந்தப் பெயரால், சரியான ஒலிப்போடு அழைக்கட்டும். குழு பிரிக்கும் வேலையையும் இடம் அமைக்கும் வேலையையும் பிள்ளைகளிடம் விடாமல் தாமே செய்யட்டும். குழாயடியிலும் சோறுண்ணும் இடத்திலும் மாடிப்படியிலும் நடமாடட்டும். சீண்டல் பாட வேளையைக் காட்டிலும் அங்கேதான் செழிக்கிறது. சீண்டியவனையும் சீண்டப்பட்டவனையும் வகுப்பின் முன் நிறுத்திக் கைகுலுக்கச் சொல்லும் வழக்கத்தை விட்டொழிக்கட்டும். பாதிக்கப்பட்டவனுக்கு அது இரண்டாம் அவமானம். தனித்தனியே பேசி, பின்னும் தொடர்ந்து விசாரிக்கட்டும். வகுப்பில் செல்வாக்குள்ள இரண்டு மூன்று நல்ல பிள்ளைகளை அழைத்து, ஒதுக்கப்பட்டவனுக்குத் தோழமையாக இருக்குமாறு கேட்கட்டும். வாரம் ஒரு வேளை வகுப்பே கூடிப் பேசட்டும். நார்வேயின் பெர்கன் நகரப் பள்ளிகளில் 1983 முதல் இவை போன்ற எளிய முறைகளைக் கையாண்டு, இரண்டாண்டுகளில் சீண்டலை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டினார் ஒல்வேயஸ். இவற்றில் எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை.

பெற்றோருக்கும் கடமை உண்டு. அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டுமென்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அக்கூட்டங்களில் நம் தாய்மார் எத்தனை பேர் அமர்கிறார்கள்? சுவர் எப்போது கட்டப்படும், கழிப்பறை எப்போது திறக்கும் என்று கேட்பதோடு, “இவ்வகுப்பில் தனியே உண்ணும் பிள்ளை யார்?” என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்டு வாங்கும் நாம், இதற்கும் கணக்குக் கேட்போம். ஜமாஅத்துகள் மக்தபுகளிலும் இதே கேள்வியைக் கேட்கட்டும். நம் பிள்ளை சீண்டப்பட்டால் கொதிப்பதும், நம் பிள்ளை சீண்டினால் “சுட்டிப் பையன்” என்று கொஞ்சுவதும் நீதியாகாது. ‘இந்திக்காரன்’ என்ற சொல் நம் வீட்டுச் சாப்பாட்டுப் பாயிலிருந்து வகுப்பறைக்குப் போயிருந்தால், ஆசிரியரைக் குறை கூற நமக்கு எந்தத் தகுதியும் இல்லை.

பரிவு என்பது நீதிபோதனை வகுப்பில் வாரம் ஒரு முறை ஓதி முடிக்கும் பாடமன்று. அது ஆசிரியர் ஒரு பெயரை உச்சரிக்கும் விதத்திலும், ஒரு சிரிப்பை நடுவழியில் நிறுத்தும் பார்வையிலும் நாள்தோறும் நடத்தப்படுவது. ஓசூரின் ஆலைகளில் ஒரு திருகாணி வழுவினால் வண்டியையே திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு பிள்ளை வகுப்பிலிருந்து வழுவி விழுந்தால் மட்டும், பதிவேட்டில் ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த பெயரை வாசிக்கிறோம். அந்தக் கோட்டைக் கிழிக்கும் முன் “ஏன் வரவில்லை?” என்று அவன் வீட்டுக் கதவைத் தட்டும் ஆசிரியர் நமக்கு வேண்டும். அத்தகையவரைக் கண்டால் போற்றுவோம். காணாவிடத்துக் கேட்டுப் பெறுவோம்.