அளந்தவன் சொல் அம்பலம் ஏறும்!

திருமண வீடுகளிலே ஒரு காட்சி. பட்டப் பகல். பந்தலுக்கு மேலே கதிரவன் காய்கிறான். "அருந்ததி பார்" என்கிறார் புரோகிதர். மணமக்கள் அண்ணாந்து பார்க்கின்றனர். "தெரிகிறதா?" என்ற கேள்வி. "தெரிகிறது" என்ற பதில். வானத்திலே விண்மீன் ஒன்றுகூடக் காணோம்; பதில் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது!

மணமக்களை நாம் குறை கூறவில்லை. கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும், சூழ நின்ற உற்றாருக்கும் தெரியும். நாம் சுட்டிக்காட்ட விரும்புவது வேறு. பார்த்தேன் என்று சொல்வது ஒன்று. உள்ளபடியே பார்ப்பது இன்னொன்று. பார்த்ததை அளந்து, எண்ணாக எழுதி, "ஐயமிருந்தால் நீயும் அளந்து பார்" என்று ஊரறிய வைப்பது மூன்றாவது. முதற்படியிலே நிற்பவனை எவரும் ஏய்க்கலாம். மூன்றாம் படிக்கு ஏறியவனை மன்னனும் ஏய்க்க முடியாது.

இரவு வரட்டும், தோழர்களே! வடக்கு வானில் ஏழு விண்மீன் கூட்டத்தின் வாலிலே நடுவில் நிற்பதைப் பாருங்கள். அதுதான் வசிட்டன், மேல்நாட்டார் மைசார் என்பர். ஒட்டி மங்கலாக நிற்பதே அருந்ததி. அவர்கள் அல்கோர் என்பர். இரண்டுக்கும் இடைவெளி முழு நிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். நல்ல கண்ணுக்குத் தனித்தனியே தெரியும். கண்ணுக்குத் தெரிவது அவ்வளவே. தொலைநோக்கியை வைத்தால், வசிட்டனே இரண்டாகப் பிரிகிறான்! 1617-ல் இத்தாலி நாட்டுக் கலிலியோ அதைப் பார்த்தார். பார்த்ததோடு நில்லாமல் இடைவெளியை அளந்து 15 விகலை என்று குறித்தார். இன்றைய அளவு ஏறத்தாழ 14 விகலை. நானூறு ஆண்டுகளுக்கு முன், கைவிரல் பருமனுள்ள கண்ணாடி வில்லைகளை வைத்துக்கொண்டு எடுத்த அளவு அது!

விகலை என்றால் என்ன? வட்டத்தை 360 பாகையாக்குங்கள். ஒரு பாகையை 60 கலையாக்குங்கள். ஒரு கலையை 60 விகலையாக்குங்கள். நாலரை கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு ரூபாய் நாணயத்தை நிறுத்தி இங்கிருந்து பார்த்தால் அது எத்தனை அகலம் தோன்றுமோ, ஏறத்தாழ அதுவே ஒரு விகலை. இரட்டை விண்மீனை அளப்பவர்கள் அந்த ஒன்றிலும் பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு என்று தேடுகிறார்கள்.

அவர்கள் எழுதி வைப்பது இரண்டே எண்கள். ஒன்று, பெரிய மீனிலிருந்து சிறிய மீன் எந்தத் திசையில் நிற்கிறது. வடக்கிலிருந்து கிழக்கு நோக்கி எண்ணி, இத்தனை பாகை. மற்றது, இரண்டுக்கும் இடையே இத்தனை விகலை. கூடவே அளந்த நாள். ஒரு வரி, முடிந்தது. இந்த ஒரு வரிக்காகவா இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். ஆம், இந்த ஒரு வரிக்காகத்தான்! அது என்னென்ன சாதித்தது என்று பார்ப்போம்.

வில்லியம் ஹெர்ஷல், ஜெர்மானிய நாட்டிலே பட்டாளத்து இசைக்குழுவில் குழல் ஊதியவர். அவர் தந்தையும் அங்கே இசைக் கலைஞரே. இங்கிலாந்து சென்று, பாத் நகரக் கோயிலில் ஆர்கன் வாசித்துப் பிழைத்தார். பகலெல்லாம் இசை, இரவெல்லாம் வானம். வாங்கப் பணமில்லை, தொலைநோக்கிக்கான ஆடியைத் தாமே வார்த்து, தாமே தேய்த்துச் செய்தார். 1782-ல் 269 இரட்டைகளின் பட்டியலை வெளியிட்டார். அருகருகே தோன்றும் இரண்டு மீன்களில் ஒன்று அண்மையிலும் மற்றது மிகத் தொலைவிலும் இருக்கும், அதைக் கொண்டு விண்மீன்களின் தொலைவைக் கணித்துவிடலாம் என்பது அவர் எண்ணம். இருபது ஆண்டு கழித்து மீண்டும் அளந்தார். எண்கள் மாறியிருந்தன. ஒன்றையொன்று சுற்றி வருவதுபோல் மாறியிருந்தன! தாம் தேடியது கிடைக்கவில்லையே என்று எண்களை மறைத்தாரா? இல்லை. 1803-ல் உலகறியச் சொன்னார்: இவை தற்செயலாய் அருகில் தோன்றுபவை அல்ல, ஈர்ப்பினால் பிணைந்து சுற்றும் இணைகள். நியூட்டன் கண்ட ஈர்ப்பு, கதிரவன் குடும்பத்துக்கு அப்பாலும் ஆட்சி செய்கிறது என்று அந்த எண்கள் காட்டின.

எல்லா இரட்டையும் இணை என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே மேடையில் அருகருகே அமர்ந்தவரெல்லாம் ஒரே கொள்கைக்காரரா? நமக்குத் தெரியாததா! வானத்திலும் அப்படியே. சில இரட்டைகள் பார்வைக்கு மட்டுமே அண்டை வீட்டார். உண்மையில் ஒன்று அருகே, மற்றது நெடுந்தொலைவில். எது உறவு, எது வெறும் தோற்றம் என்பதைப் பிரித்துக் காட்டுவது அந்த இரண்டு எண்களே. ஆண்டுதோறும் அளந்துகொண்டே வந்தால் உறவினர் வளைந்து சுற்றுவர். அயலார் நேர்கோட்டில் விலகிப் போவர்.

சுற்றும் காலமும், சுற்றுப் பாதையின் அளவும், தொலைவும் தெரிந்தால், கெப்ளர் வகுத்த விதிப்படி அந்த இரண்டின் மொத்த எடை கணக்கில் வந்துவிடும். விண்மீனைத் தராசில் ஏற்றும் வழி இதுதான். எடை தெரிந்தால்தான் அது எத்தனை காலம் எரியும், எப்படி முடியும் என்று சொல்ல இயலும். 1844-ல் பெசல் என்ற கணித மேதை, சிரியஸ் விண்மீன் தள்ளாடித் தள்ளாடி நகர்வதை அளவுகளிலிருந்து உணர்ந்து, கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று அதை இழுக்கிறது என்றார். அவரும் இளமையில் வணிகர் கடையில் கணக்கெழுதியவரே! பதினெட்டு ஆண்டு கழித்து, 1862-ல், அமெரிக்காவில் புதுத் தொலைநோக்கி வில்லையைச் சோதித்துக்கொண்டிருந்த ஆல்வன் கிரகாம் கிளார்க்கின் கண்ணில் அந்தத் துணை பட்டது. எண் சொன்னதைக் கண் பின்னால் வந்து உறுதி செய்தது.

"ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. அதை மாற்றிய ஒருவரைக் காட்டுகிறோம். சிகாகோ நகர நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதிப் பிழைத்தவர் ஷெர்பர்ன் பர்ன்ஹாம். வானியலில் பட்டம் இல்லை. இருந்தது ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்று. பகலில் வழக்கு, இரவில் வானம். 1873-ல் அவர் வெளியிட்ட முதற்பட்டியலில், அதுவரை யாரும் குறிக்காத 81 இரட்டைகள்! ஐரோப்பியப் பேரறிஞர்கள் அலசிவிட்டுப் போன வானத்தில், ஒரு சுருக்கெழுத்தர் கண்டவை. வாழ்நாளில் அவர் கண்டுபிடித்தவை 1,300க்கும் மேல். 1906-ல் அவர் தொகுத்த பெரும்பட்டியலை உலகக் கூடங்களெல்லாம் கையாண்டன. அவருடைய குலம் என்ன, கோத்திரம் என்ன, எந்தக் கல்லூரி என்று அம்பலம் கேட்கவில்லை. மற்றவர் அளந்து பார்த்தனர், சரியாக இருந்தது, ஏற்றுக்கொண்டனர்.

பெரியவர் சொல் என்பதற்காக நிலைக்கிறதா? அதற்கும் சான்று உண்டு; அது நம் சென்னையிலேயே நடந்தது. நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வுக் கூடம் இருந்தது. அதன் தலைவர் கேப்டன் ஜேக்கப். 1855-ல் அவர் ஓர் இரட்டையின் அளவுகளை ஆராய்ந்து, அதன் பாதையில் கோணல் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று அங்கே இருக்கக்கூடும் என்று அறிவித்தார். கம்பெனி அதிகாரி, கேப்டன் பட்டம், கூடத்தின் தலைவர். இருந்தும் என்ன? 1899-ல் மௌல்டன் என்ற அமெரிக்கர் அத்தகைய கோள் அங்கே நிலைத்திருக்க முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பின்வந்த அளவுகளும் அந்தக் கோளைக் காட்டவில்லை. கூற்று விழுந்தது. அவர் அளந்து வைத்த எண்கள் விழவில்லை. அவை இன்றும் பட்டியலில் நிற்கின்றன. பதவி தந்த பெருமை போயிற்று, உழைப்பு தந்த எண் நின்றது!

அன்று சிலந்தி நூலைத் தொலைநோக்கிக்குள் கட்டி, திருகைத் திருகி, கண்ணை இடுக்கி அளந்தார்கள். 1857-ல் ஹார்வர்டில் பாண்ட் என்பவர் வசிட்டனையும் அருந்ததியையும் நிழற்படம் பிடித்து, படத்திலேயே அளந்தார். இன்றோ சிறு தொலைநோக்கியும், கேமராவும், ஒரு கணினியும் போதும். காற்றின் நடுக்கத்தால் விண்மீன் துள்ளும். ஆகவே நொடியில் சிறு பங்கு நேரத்துப் படங்களை ஆயிரக்கணக்கில் எடுத்து, தெளிந்தவற்றைப் பொறுக்கி ஒன்றாக்குகிறார்கள். திசை எப்படித் தெரியும்? தொலைநோக்கியின் மோட்டாரை நிறுத்திவிட்டால் விண்மீன் தானே கிழக்கிலிருந்து மேற்கே நகர்ந்து கோடு போடும். திசையைக் காட்டுவது அந்தக் கோடு. படத்தின் ஒரு புள்ளி எத்தனை விகலை என்று காட்டுவது, கோடு போட எடுத்த நேரம். பூமியின் சுழற்சியே அளவுகோல்! பல இரவுகள் அளந்து, சராசரி கண்டு, எத்தனை பிழை இருக்கலாம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். தன் பிழையைத் தானே அளந்து சொல்பவனை நம்பலாம்.

"விண்கலம்தான் அளந்துவிட்டதே, இனி நீங்கள் எதற்கு?" என்பர் சிலர். 2013 இறுதியில் ஐரோப்பியர் ஏவிய கையா விண்கலம், 2025 தொடக்கம் வரை அளந்தது உண்மை. கிட்டத்தட்ட இருநூறு கோடி விண்மீன்கள், வியக்கிறோம். ஆயினும் மிகப் பிரகாசமானவையும், மிக நெருங்கி ஒட்டியவையும் அதன் கைக்கு எளிதில் அகப்படவில்லை. அது உழைத்தது பத்தாண்டுக்குச் சற்று மேல். மிதுனக் கூட்டத்துக் காஸ்டர் இரட்டை ஒருமுறை சுற்ற நானூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது! எந்த ஒரு மனிதனும், எந்த ஒரு கலமும் அதை முழுவதும் காண முடியாது. பாட்டன் அளந்ததைப் பேரன் தொடர்ந்தால்தான் வட்டம் பூர்த்தியாகும். இருநூறு ஆண்டுப் பழைய எண்களை எழுதி வைத்தவர்கள் மனிதர்கள். அடுத்த இருநூறுக்கும் மனிதர்கள் வேண்டும்.

வாஷிங்டனில் அமெரிக்கக் கடற்படையின் வானாய்வுக் கூடம் ஒரு பேரேடு வைத்திருக்கிறது. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இரட்டைகள் அதில் உண்டு. பேராசிரியர் அளந்ததும் இருக்கிறது. பள்ளி மாணவர் அளந்து வெளியிட்டதும் இருக்கிறது. பல இணைகளை நெடுங்காலமாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவை அளப்பாரின்றிக் காத்திருக்கின்றன.

நம் ஊர்ப் படிப்பகங்களில் பலகை இருக்கிறது, ஏடு இருக்கிறது, இரவிலே கூடும் தோழர்களும் இருக்கிறார்கள். ஒரு தொலைநோக்கி மட்டும் இல்லை. மாநாட்டு வளைவு ஒன்றின் செலவைக் குறைத்தால் அதுவும் வந்துவிடும். பட்டறையிலே நூலிழை பிசகாமல் இரும்பைக் கடையும் தோழனுக்கு அளவின் அருமையை நாம் சொல்ல வேண்டுமா? அவன் பிள்ளை மொட்டை மாடியில் நின்று, ஒரு பாகை, ஒரு விகலை, ஒரு நாள் என்று எழுதும் அந்த வரி, நூறு ஆண்டு கழித்தும் எங்கோ ஒருவன் கணக்கிற்குப் பயன்படும். அளக்கட்டும் அந்தப் பிள்ளை. அம்பலம் அவன் சொல்லைக் கேட்கும்!